நூறு கிலோ பிராம்லி ஆப்பிளை என்ன செய்வது?

வீட்டைச் சுற்றிக் காட்டிய ஏஜென்ட் பாய்லரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். கொல்லையில் நின்ற மரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. லண்டனின் வடமேற்கு ஓரம், ஹாரோ பக்கம், 1930களில் வரிசையாகக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று. மே மாதத் தொடக்கத்தில் மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தபோது ஊருக்கு வீடியோ அனுப்பிப் பெருமைப்பட்டோம். ஆகஸ்டு கடைசியில் முதல் காய் விழுந்தது. செப்டம்பரில் ராத்திரி படுத்தால் தோட்டத்தில் ஒரு 'தொப்', சற்று நேரம் கழித்து இன்னொரு 'தொப்'. தேங்காய் விழும் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் பயம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பறித்து முடித்துக் குளியலறை எடை மெஷினில் பை பையாக நிறுத்தபோதுதான் பயம் வந்தது: 112 கிலோ.

அதில் ஒன்றைக்கூட அப்படியே கடிக்க முடியாது. மகள் ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இது பிராம்லி, சமைக்கிற ஆப்பிள், உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தெருவுக்கே கொடுத்துத் தீர்த்தார்கள் என்றார்.

அதன் பிறகு நான்கு இலையுதிர் காலம் போய்விட்டது. அடுக்கி வைப்பது, உறைய வைப்பது, பிழிவது, காய வைப்பது, புளிக்க வைப்பது, தொக்கு கிண்டுவது என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மரத்தோடு வீடு வாங்கிவிட்டு அக்டோபரில் விழிக்கிற நம்மாட்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காக, எது எதற்கு உதவும் என்பதை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். அளவுகோல் 10 கிலோ பழம். அதற்கு எத்தனை மணி நேரம் போகிறது, கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது, மிஞ்சியதை வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா. மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி. என் அலமாரியில் இன்னும் இரண்டு வருஷத்து ஜாம் இருக்கிறது.

முதலில் பழம் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. பிராம்லியின் பூர்வீகம் நாட்டிங்காம்ஷயரில் உள்ள சவுத்வெல் ஊர். 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி விதை போட்டு முளைத்த மரம் அது. பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர், 1856இல் ஒட்டுக்குக் கிளை கேட்டு வந்த இளைஞனிடம் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். விதை போட்டவளுக்குப் பெயர் இல்லை, வீடு வாங்கியவருக்குப் பெயர்! அது கிடக்கட்டும். சமையலறைக்கு வேண்டிய விஷயம் இரண்டு: இதில் புளிப்பு மிக அதிகம், சூடு பட்டால் துண்டு துண்டாக நிற்காமல் பஞ்சு போலக் கரைந்துவிடும். கீழே சொல்லப்போகும் வெற்றி தோல்வி எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்தவைதான்.

முதல் வருஷம் நான் செய்த தவறு, 112 கிலோவை ஒரே சரக்காக நினைத்தது. உண்மையில் அது மூன்று சரக்கு. காம்போடு கையால் பறித்த, கீறல் இல்லாத பழம் ஏறக்குறையப் பாதி. விழுந்து அடிபட்டது, பறவை கொத்தியது, புழு துளைத்தது இன்னொரு பெரும் பங்கு. மீதி அழுகல். பறிக்கிற நேரத்திலேயே மூன்று பெட்டி வைத்துப் பிரித்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடும்.

பறிப்பதற்குப் பக்குவம் பார்ப்பது சுலபம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கித் திருப்பினால் காம்பு தானாகக் கழன்று வர வேண்டும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். ஒன்றை அறுத்துப் பாருங்கள், விதை பழுப்பாகியிருக்க வேண்டும். பிராம்லிக்கு இது பெரும்பாலும் அக்டோபர் முதல் பாதியில் வரும். உச்சிக் கிளைக்கு நீளக் கழி நுனியில் துணிப்பை கட்டிய தொரட்டி கடைகளில் கிடைக்கிறது. ஊரில் மாங்காய் பறிக்கிற வலைத் தொரட்டியேதான், விலைதான் வேறு.

புழுவைப் பார்த்து மிரள வேண்டாம். காட்லிங் அந்துப்பூச்சியின் புழு பழத்துக்குள் நுழைந்து நடு விதைக்குப் போகும். துளை வாயில் பழுப்புத் தூள் தெரியும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் நல்ல பழம்தான். அழுகல் விஷயம் அப்படியில்லை. பழுப்பாகி மேலே வெளிர்நிறப் புள்ளிகள் வட்டம் வட்டமாகக் கிளம்பினால் முழுப் பழமும் குப்பைக்கு. பூசணம் பிடித்த ஆப்பிளில் பாட்டுலின் என்ற நச்சு உருவாகும், அது கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாது. இங்கே விற்கிற சாற்றில் அது ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 'வெட்டிப் போட்டுவிட்டுச் சாறு பிழியலாமே' என்று அம்மா கேட்டபோது இந்தக் கணக்கைச் சொல்லித்தான் தடுத்தேன்.

முதல் சரக்குக்கு, அதாவது அடிபடாத பழத்துக்கு, போட்டியே இல்லை: அப்படியே அடுக்கி வையுங்கள். 10 கிலோவுக்கு அரை மணி நேரம் போதும். சர்க்கரை வேண்டாம், கரண்டு வேண்டாம். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் ஒற்றை அடுக்காகத் தட்டில் வைத்து, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் பிராம்லி மார்ச் வரை தாங்கும். 3 முதல் 7 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். ஹீட்டர் இல்லாத கராஜ் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வைக்க வைக்கப் புளிப்பும் இறங்கும். பிப்ரவரியில் எடுத்த ஒன்றை மகள் முகம் சுளிக்காமல் தின்றாள்.

ஆனால் நான் முதல் வருஷம் செய்தது வேறு. சுற்றுகிற பொறுமை இல்லாமல் பிளாஸ்டிக் பைகளில் கொட்டி, வாய் கட்டி, தோட்டத்துக் கொட்டகையில் வைத்தேன். அடிபட்டதும் படாததும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தபோது சாராய வாடை அடித்தது. பையைத் தூக்கினேன், அடி பிய்ந்து பழுப்புக் கூழ் காலில் கொட்டியது. நடுவில் இருந்த ஒன்று இரண்டு அழுகி, ஈரம் வெளியே போக வழியில்லாமல் பை மொத்தத்தையும் கெடுத்திருந்தது. 30 கிலோ போயிற்று. இப்போது வாரம் ஒரு தடவை தட்டுகளைப் பார்த்து, கன்றிப்போனதை அன்றைக்கே அடுப்புக்கு எடுத்துவிடுகிறேன். எலிக்கு மட்டும் வழி அடைக்க வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. 40 கிலோவுக்கு மேல் அடுக்க எங்கள் வீட்டில் இடமில்லை, ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் இருக்காது. தவிர, இது பிராம்லி போன்ற பின்பருவ வகைகளுக்கு மட்டுமே பலிக்கும். டிஸ்கவரி மாதிரி ஆகஸ்டிலேயே பழுக்கிற வகை உங்கள் மரம் என்றால் அடுக்கி வைக்கிற பேச்சே வேண்டாம். சில வாரத்தில் மாவாகிவிடும், பறித்த கையோடு தின்பதும் கொடுப்பதும்தான் அதற்கு வழி.

இனி அடிபட்ட சரக்கு. இதுதான் தலைவலி, ஏனென்றால் இதற்கு நேரம் கிடையாது. ஓரிரு நாளில் எதையாவது செய்தாக வேண்டும்.

சாறு பிழிவது இதற்கு நல்ல வழி என்பது என் முடிவு, அதுவும் வீட்டில் பிழியாமல் வெளியே கொண்டுபோய்ப் பிழிந்தால். வீட்டு மிக்ஸியில் 5 கிலோ அரைத்துத் துணியில் பிழிந்து பார்த்தேன். மோட்டார் சூடாகி வாடை வந்தது, கிடைத்தது இரண்டு லிட்டர் கலங்கல், அடுப்பங்கரைச் சுவரெல்லாம் தெளிப்பு. ஆப்பிளை முதலில் நொறுக்க வேண்டும், அப்புறம் அழுத்த வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கருவி உண்டு. அக்டோபரில் பல ஊர்களில் பொதுப் பிழிவு நாள் நடத்துகிறார்கள். 1990இல் காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு அக்டோபர் 21ஐ ஆப்பிள் தினமாகக் கோவென்ட் கார்டனில் தொடங்கியது. அதை ஒட்டிய வார இறுதிகளில் தேடினால் பக்கத்திலேயே ஏதாவது ஒன்று இருக்கும். பழத்தைக் கழுவிக் கொண்டுபோனால் போதும், தோலும் விதையும் எடுக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதன் பக்கம்.

போன தடவை 40 கிலோ பிராம்லியோடு, நண்பர் வீட்டு இனிப்பு ஆப்பிள் 15 கிலோவையும் எடுத்துப் போனேன். தனி பிராம்லிச் சாறு பல் கூசும். இனிப்பு வகை கொஞ்சம் கலந்தால்தான் குழந்தைகள் தொடுவார்கள். 55 கிலோவுக்கு முக்கால் லிட்டர் பாட்டில் 36 வந்தது, அதாவது எடையில் பாதி. வரிசையில் நின்றது, பிழிந்தது, பாட்டிலை வெந்நீர்த் தொட்டியில் வைத்து எடுத்தது எல்லாம் சேர்த்து அரை நாள். 10 கிலோவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாட்டில், மூடி, பதப்படுத்தும் கூலி என்று காசு போகிறதுதான், கடைச் சாற்றைவிட மலிவு என்று சொல்ல மாட்டேன்.

பதப்படுத்துவதை மட்டும் தவிர்க்காதீர்கள். பாட்டிலோடு 75 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் சில நாள். தரையில் விழுந்த பழம் என்பதால் இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ராத்திரி நரி நடமாட்டம் உண்டு, அது எதன் மேல் என்ன செய்துவிட்டுப் போகும் என்று தெரியாது. 1996இல் அமெரிக்காவில் பதப்படுத்தாத ஆப்பிள் சாற்றால் ஈ.கோலை என்ற கிருமி பரவி ஒரு குழந்தை இறந்தது. புல்தரையில் கிடந்ததைச் சமைக்கலாம், காய்ச்சாமல் குடிக்கத் தரக் கூடாது.

சாற்றைப் புளிக்க வைத்துச் சைடர் என்ற ஆப்பிள் மது ஆக்குகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு. நானும் நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவையில் ஈஸ்ட் போட்டு வைத்தேன். குமிழி நின்றுவிட்டது என்று அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தேன். நின்றது குளிரால், புளிப்பு முடிந்ததால் இல்லை. மார்ச் மாதம் வெயில் வந்ததும் கொட்டகையில் ஒரு பாட்டில் வெடித்தது. யாரும் பக்கத்தில் இல்லை, பிழைத்தோம். சாற்றில் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டுகிற மிதவைமானி வைத்து அளந்து, இரண்டு வாரம் எண் மாறாமல் இருந்தால்தான் அடைக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகு தெரிந்த பாடம். மிஞ்சிய நான்கு பாட்டிலும் வெறும் புளிப்பு. கனமே இல்லை, துவர்ப்பே இல்லை. சைடருக்கென்றே துவர்ப்பு வகை ஆப்பிள் தனியாக உண்டு. சைடர் பிரியர் வீட்டில் இருந்தால் முயலுங்கள், பிராம்லி தீர வேண்டும் என்பதற்காக வேண்டாம்.

இப்போது தொக்கு. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

அம்மா விசிட் விசாவில் வந்திருந்த இலையுதிர் காலம் அது. கொல்லையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றார். 'ஏன்டா, இவ்வளவு புளிப்பை வைத்துக்கொண்டா சர்க்கரை வாங்கி ஜாம் கிண்டுகிறாய்?' என்றார். அன்றைக்கே முதலில் ஆவக்காய் மாதிரித் துண்டு போட்டு எண்ணெயில் ஊற வைத்தார். நான்காம் நாள் ஜாடியில் துண்டு ஒன்றுமில்லை, தொள தொளவென்று குழம்பு. மாங்காய்க்குள்ள நார் இதற்கில்லை. இரண்டாவது முயற்சிதான் தொக்கு; கரைகிற குணம் அங்கே குறையாகவே தெரியவில்லை.

இரண்டு கிலோவைத் தோலோடு துருவுங்கள். துருவத் துருவக் கறுக்கும், கவலை வேண்டாம், மிளகாய்த்தூள் போட்டால் எல்லாம் ஒரே நிறம். அகலமான இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு குழிக்கரண்டி, கடுகு, பெருங்காயம், துருவல், உப்பு, மஞ்சள். மாங்காய்த் துருவல் அரை மணியில் சுருண்டுவிடும். இதில் நீர் அதிகம் என்பதால் ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் இருபது நிமிஷம் கஞ்சி போலக் கொதித்துத் தெறிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிண்டவும். பிறகு மெல்ல இறுகி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி தெரியும். அப்போது மிளகாய்த்தூள், இன்னும் கொஞ்சம் எண்ணெய். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு ஸ்பூன், நெல்லிக்காய் அளவு வெல்லம், அடுப்பை அணை. இரண்டு கிலோ ஏறக்குறைய 800 கிராமாக வற்றும். அம்மா தயிர்சாதத்தோடு ஒரு வாய் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: 'மாங்காய் வாசனை வராது. புளிப்புக்குக் குறையில்லை.' சரியான தீர்ப்பு. நான் இதை ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன், இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

10 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாறு மணி நேரம். ஆகவே நூறு கிலோவுக்கு இது வழியல்ல. ஆனால் மூன்றாவது கேள்வியில் முழு மதிப்பெண் இதற்குத்தான்: ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. இதே காரணத்தால்தான் ஆங்கிலேயர்களின் ஆப்பிள் சட்னியை விட்டுவிட்டேன். வெங்காயம், வினிகர், பழுப்புச் சர்க்கரை, மூன்று மணி நேரக் கொதி, பிறகு இரண்டு மாதம் ஊறல். நம்மிடமிருந்து போன சொல்தான், போய்த் திரும்பி வந்தபோது ஆளே மாறிவிட்டது. சீஸ் ரொட்டி சாப்பிடுகிற வீட்டுக்கு அது சரி, எங்களுக்கு இட்லி இருக்கிறது.

உறைய வைப்பது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செய்யாமல் இருக்க முடியாது. கைப்பிடி சுற்றினால் தோல் சீவி, நடுவை எடுத்து, வட்டமாக அறுத்துத் தருகிற சின்ன இயந்திரம் ஒன்று வாங்கியதும் 10 கிலோ வேலை மூன்று மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு இறங்கியது. அடிபட்டு வடிவம் கெட்ட பழம் மட்டும் அதில் சரியாக நிற்காது. சர்க்கரை போடாமல் வேக வைத்து மசித்து, அரைக் கிலோ டப்பாக்களில் வைக்கிறோம். புளிக்குப் பதில் ரசத்தில் இரண்டு கரண்டி. துவரம்பருப்பில் போட்டால் மாங்காய்ப் பருப்பின் தம்பி. ஏப்ரல் 14க்கு வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி. துண்டு வராது, தோற்றம் கொஞ்சம் சுமார், ருசி ஏமாற்றாது. தடை ஃப்ரீஸரின் அளவுதான். எங்களுடையது மூன்று இழுப்பறை, அதில் ஒன்றை மீனும் ஒன்றைத் தேங்காய்த் துருவலும் பிடித்திருக்கின்றன.

காய வைப்பதில்தான் மனசுக்கும் கணக்குக்கும் சண்டை. உப்பு போட்டு மொட்டை மாடியில் காய்ந்த மாவற்றலை நினைத்துத்தான் தொடங்கினேன். அக்டோபர் லண்டனில் எந்த வெயில்? மின் உலர்த்தியை 60 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓட விட்டால் நான்கு யூனிட் ஆகும், சுமார் ஒரு பவுண்டு. அதில் ஒரு தடவைக்கு 3 கிலோ வட்டம்தான் கொள்ளும். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு நீர். 10 கிலோ பழம் தோலும் நடுவும் போய் ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. காசு, நேரம் இரண்டிலும் நஷ்டக் கணக்கு. ஆனால் உப்பு தடவிக் காய வைத்த ஒரு தட்டு வற்றலை வத்தக்குழம்பில் போட்டுப் பார்த்த பிறகு வருஷத்துக்கு ஒரு தட்டாவது போடாமல் இருக்க முடியவில்லை. மீதியைப் பொடித்தால் வடநாட்டு மாங்காய்ப் பொடியான ஆம்சூருக்குப் பதில் ஆகிறது. இது முழுக்க ஆசைக்காகச் செய்வது.

கொடுத்துத் தீர்ப்பது இருக்கிறதே என்பீர்கள். வாசலில் 'இலவசம்' என்று எழுதிப் பெட்டி வைத்தால் நல்ல பழம் போகும், அடிபட்டது போகாது. அதாவது எது உங்களுக்குத் தொல்லையோ அது உங்களிடமே நிற்கும். தவிர, நம் நண்பர்கள் பிராம்லி என்று தெரியாமல் வாங்கிக் கடித்துவிட்டு அடுத்த வருஷம் வேண்டாம் என்று விடுகிறார்கள். ஒரு பாட்டில் தொக்கோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், செய்முறை கேட்டு போன் வரும்.

என் பிரிவினை இப்போது இப்படி நிற்கிறது: அடிபடாததில் 40 கிலோ கராஜுக்கு, கொஞ்சம் தானம். அடிபட்டதில் 40 கிலோ பிழிவு நாளுக்கு, பத்துப் பன்னிரண்டு கிலோ தொக்குக்கும் ஃப்ரீஸருக்கும். உரக்குழிக்குக் கொஞ்சம்; அழுகலை மட்டும் நேராகக் கவுன்சில் தொட்டியில் போடுகிறேன், எலி வருகிறது. மரத்தின் உச்சியில் எட்டாததை விட்டுவிடுகிறேன். ஜனவரிக் குளிரில் வடக்கேயிருந்து ஃபீல்ட்ஃபேர் என்ற சாம்பல் தலைப் பறவை வந்து கொத்தித் தீர்க்கும். கராஜ் இல்லாதவர் முழுவதையும் பிழிவு நாளுக்குக் கொண்டுபோகலாம். கார் இல்லாதவருக்கு ஃப்ரீஸரும் இரண்டு சனிக்கிழமையும்தான் கதி.

முடிவெடுக்கும் முன் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். பிராம்லி ஒரு வருஷம் அள்ளிக் கொட்டினால் மறு வருஷம் ஓய்வெடுக்கிற மரம். ஜூன், ஜூலையில் பிஞ்சு சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே கொத்துக்கு ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டால் இந்த ஏற்ற இறக்கம் குறையும் என்கிறார்கள். கிள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குகிற சாற்றுக்கு என் கணக்கில் முதலிடம். போன அக்டோபரின் 36 பாட்டிலில் இன்னும் 14 கராஜில் இருக்கிறது. இந்த வருஷம் மரத்தில் மொத்தம் 17 காய். நேற்றுத்தான் எண்ணினேன்.